ஆறு விநாடி ஓட்டம், நூறு வரிக் கணக்கு

1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்றொரு காரை விற்பனைக்கு விட்டது. டர்போசார்ஜரோடு ஷோரூமுக்கு வந்த முதல் இரண்டு கார்களில் அது ஒன்று. மற்றது அதே ஆண்டு வந்த ஷெவர்லே கொர்வேர் மோன்ஸா ஸ்பைடர். ஜெட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் போக இன்னொரு சின்ன டேங்க்கும் இருந்தது. அதில் ஊற்ற வேண்டிய திரவத்துக்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர். பெயர்தான் பிரமாதம். உள்ளே இருந்தது பாதி தண்ணீர், பாதி மெத்தனால், கூடவே துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்து. டர்போ அழுத்தம் ஏறும்போது எஞ்சினுக்குப் போகும் காற்றில் இது தெளிக்கப்படும். தீர்ந்துபோனால் அழுத்தம் தானாகக் குறைக்கப்படும்; வண்டி சோர்ந்துவிடும். வாங்கியவர்களில் பலர் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் திரவம் வண்டிக்கு வேகம் கொடுக்க வந்ததல்ல, எஞ்சினைக் காப்பாற்ற வந்தது. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் வாயு ஒரு விசிறியைச் சுழற்ற, அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி இதற்கு 1905-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். அந்தச் சூட்டுக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் இன்னும் நசுக்கும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள், அங்கே காத்திருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடக்கூடும். ‘எஞ்சின் நாக் அடிக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சாதாரண எஞ்சினில் இது எரிச்சலூட்டும் ஓசை. டர்போ எஞ்சினில் முழு அழுத்தத்தில் நேர்ந்தால், பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடையச் சில விநாடிகள் போதும்.

தனி டேங்க் இல்லாமல் இதைச் சமாளிக்க இன்னொரு வழி உண்டு. பெட்ரோலையே கொஞ்சம் கூடுதலாகத் தெளிப்பது.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த 14.7:1 என்ற விகிதத்தை மையமாக வைத்துத்தான் எல்லாக் கணக்கும். காற்று அதைவிடக் குறைந்தால் கலவை ‘ரிச்’, கூடினால் ‘லீன்’. பொறியாளர்கள் விகிதத்தைச் சொல்லாமல் லாம்ப்டா என்ற எண்ணைச் சொல்வார்கள்: சரியான கலவை 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். சீரான வேகத்தில் போகும்போது வண்டி லாம்ப்டா 1-ஐ ஒட்டியே ஓடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால், டர்போ இல்லாத எஞ்சினில் அதிகபட்சச் சக்தி, காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் இடையில் இருக்கும்போது கிடைக்கும். டர்போ எஞ்சின்களை இன்னும் ரிச்சாக, 11 முதல் 12 வரை வைப்பது நெடுநாள் வழக்கம். அந்த உபரி பெட்ரோல் எரிவதற்காகப் போவதில்லை. ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சவும், எரிதலின் வெப்பத்தை இறக்கவும் போகிறது. கூடுதல் பெட்ரோல் இங்கே குளிரூட்டியாக வேலை பார்க்கிறது.

அதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. 10-க்கும் கீழே போனால் எரிதல் தடுமாறும், பிளக்கில் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் கழுவப்பட்டுக் கீழே இருக்கும் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ‘ரிச்சா வச்சா சேஃப்’ என்று டியூனிங் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு பாதிதான் உண்மை.

கார்புரேட்டர் காலத்தில் இதையெல்லாம் கண்டுபிடிக்க மெக்கானிக்கிடம் இருந்தது ஒரு பிளக் ஸ்பேனர். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரியாக இருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், பழுப்பாக இருந்தால் சரி. பிளக்கின் நிறம் அத்தனை நேர ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் சராசரிச் சாட்சி. நிமிடத்துக்கு 5,800 சுற்றில் அரை விநாடி மட்டும் கலவை லீனாகிப் போனதை அது சொல்லாது. டர்போ எஞ்சின் சேதமாவது பெரும்பாலும் அந்த அரை விநாடியில்தான்.

மாற்றம் 1976-இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுக்காக வால்வோ 240 கார்களின் புகைக்குழாயில் போஷ் நிறுவனத்தின் லாம்ப்டா சென்சர் ஏறியது. ஜிர்கோனியா என்ற பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக மாறும். ரிச் என்றால் 0.9 வோல்ட்டுக்குப் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட்டுக்குப் பக்கம். இடைநிலை கிட்டத்தட்டக் கிடையாது. உப்பு கூடவா குறைவா என்பதைச் சொல்லத் தெரிந்து, எத்தனை சிட்டிகை என்று சொல்லத் தெரியாத நாக்கு அது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சரியாக வேலை செய்ய வைக்க அந்த அளவு தகவல் போதும். 11.5-க்கும் 12.5-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டிய டர்போ டியூனருக்குப் போதாது.

அவருக்காக வந்தது போல வந்து சேர்ந்தது வைட்பேண்ட் சென்சர். இதில் இரண்டாவதாக ஒரு பீங்கான் அறை இருக்கிறது. அந்தச் சின்ன அறைக்குள் எப்போதும் லாம்ப்டா 1 நிலவும்படி ஆக்சிஜனை உள்ளேயோ வெளியேயோ மின்சாரத்தால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். தள்ள எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவு. இன்று உலகெங்கும் டியூனர்கள் கையில் புழங்கும் போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சரின் உள்ளே இருக்கும் ஹீட்டர், பீங்கானை ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும் என்பதால், குழாயில் சென்சரைப் படுக்கையாகவோ கீழ்நோக்கியோ மாட்டக் கூடாது. கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்க வேண்டும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் சென்சரின் ஆயுள் சீக்கிரம் முடியும்.

சென்சர் சொல்வதை மீட்டரில் பார்த்துக்கொண்டே ஓட்டினால் என்ன? ஓட்டலாம், பார்க்கத்தான் முடியாது. மூன்றாவது கியரில் 2,500 சுற்றிலிருந்து 6,500 சுற்று வரை ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி இழுத்தால் மொத்தமே ஆறு, ஏழு விநாடி. கண் ரோட்டில் இருக்க வேண்டிய நேரம் அது. எனவேதான் லாகிங்: வண்டியின் கணினிக்குத் தெரிந்த எல்லாவற்றையும், ஒரு விநாடிக்குப் பல முறை, வரிசை வரிசையாக ஒரு கோப்பில் பதிவது. எஞ்சின் சுற்று, டர்போ அழுத்தம், காற்றின் அளவு, இக்னிஷன் டைமிங் (பிளக் பற்றவைக்கும் நேரம்), உள்ளே போகும் காற்றின் சூடு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், நாக் சென்சர் கேட்ட சத்தம், வைட்பேண்ட் சொன்ன லாம்ப்டா. ஆறு விநாடியில் நூறு வரி சேரும். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்.

இந்தக் கலை வீட்டுக் கராஜுக்கு வந்த கதையில் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸுக்குத் தனி இடம் உண்டு. 2002 மாடலாக அமெரிக்காவில் இறங்கிய அந்த 2 லிட்டர் டர்போ காரின் கணினியை ஆர்வலர்கள் பிரித்து மேய்ந்தார்கள். ‘ரோம்ரெய்டர்’ என்ற இலவச மென்பொருள் பிறந்தது. ஒரு கேபிள், ஒரு மடிக்கணினி. கணினியின் அட்டவணைகளைத் திருத்தலாம், ஓட்டத்தை லாக் செய்யலாம். ஆனால் அந்தப் பழைய சுபாருக்களில் தகவல் வரும் வேகம் விநாடிக்கு 4,800 பிட். இருபது விஷயங்களைக் கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் இடையே நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் எஞ்சின் சுற்று வெகுவாக ஏறிவிடும். அனுபவசாலிகள் ஏழெட்டு மட்டும் கேட்பார்கள். எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிவதும் திறமைதான்.

லாக் தாளில் என்ன பார்ப்பது? ஓர் உதாரணம். வண்டிக்கு வைத்த இலக்கு 11.3. ஓட்டத்தில் 4,000 சுற்றில் 11.4, 5,000-இல் 11.5, 5,800-இல் 12.0, 6,300-இல் 12.7 என்று பதிவாகியிருக்கிறது. மேலே போகப் போக லீனாகிறது. கணக்கு எளிது: 12.7-ஐ 11.3-ஆல் வகுத்தால் 1.12. அந்த இடத்தில் 12 சதவீதம் பெட்ரோல் கூட்டினால் இலக்கு வந்துவிடும். மடிக்கணினியில் ஓர் எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்கேதான் நல்ல டியூனர் கையைக் கீபோர்டிலிருந்து எடுப்பார். 12.7 என்ற அதே எண்ணுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர். குழாய்க்குள் சூடான கம்பி ஒன்று இருக்கும். கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விப்பதை வைத்துக் காற்றின் எடை கணிக்கப்படும். கணினி ‘இத்தனை வோல்ட் என்றால் இத்தனை கிராம் காற்று’ என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். உரிமையாளர் ஆசைப்பட்டு அகலமான குழாய் மாட்டிவிட்டால் அட்டவணை பொய்யாகும். 65 மில்லிமீட்டர் விட்டம் 70 ஆனால், குழாயின் குறுக்குப் பரப்பு 16 சதவீதம் கூடும். அதே வேகத்தில் காற்று போனால் கம்பிக்குத் தெரிவது பழைய வோல்ட். உள்ளே போவதோ 16 சதவீதம் அதிகக் காற்று. 11.0 என்று நினைத்திருந்த கலவை 12.8-க்கு அருகில் போய் நிற்கும். இதற்கு மருந்து அட்டவணைத் திருத்தம்தான்.

இரண்டாவது, இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் இரண்டு முறை சுழல 20 மில்லிவிநாடி. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்க, உட்கொள்ளும் குழாயில் தெளிக்கும் வகை எஞ்சினில், இருக்கும் மொத்த நேரமே அவ்வளவுதான். லாக்கில் இன்ஜெக்டர் 19 மில்லிவிநாடி திறந்திருப்பதாகத் தெரிந்தால் அது 95 சதவீதம். மூடித் திறக்கக்கூட அவகாசமில்லை. இனி எண்ணைக் கூட்டினாலும் பெட்ரோல் கூடாது. பெரிய இன்ஜெக்டர் வாங்க வேண்டும், அல்லது டர்போ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, பெட்ரோல் பம்ப். டர்போ அழுத்தம் ஏற ஏற, பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏறியாக வேண்டும். இல்லையேல் இன்ஜெக்டரின் மறுமுனையில் இருக்கும் காற்றழுத்தம் பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். பம்ப் களைத்துவிட்டால் லாக்கில் லாம்ப்டா மெல்ல மெல்ல ஏறும். இந்த நிலையில் அட்டவணையில் 12 சதவீதம் கூட்டினால் அன்றைக்கு இலக்கு எண் வந்தாலும் வரலாம். டேங்க் காலியாகி, பெட்ரோல் சூடாகி, பேட்டரி வோல்ட் குறைந்த இன்னொரு நாளில் அதே பம்ப் இன்னும் குறைவாகத் தள்ளும். அன்று லாக் செய்ய யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

மூன்றையும் பிரித்தறிய லாம்ப்டா என்ற ஒற்றைக் கட்டம் உதவாது. பக்கத்துக் கட்டங்கள்தான் உதவும். இன்ஜெக்டர் 95 சதவீதமா? பெட்ரோல் அழுத்தம் விழுகிறதா? இரண்டும் ஒழுங்கு என்றால்தான் காற்று அட்டவணையில் கை வைக்க வேண்டும்.

வைட்பேண்டும் பொய் சொல்லும், அதுவும் பெரும்பாலும் லீன் என்ற ஒரே திசையில். அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும், பெட்ரோலைப் பார்ப்பதில்லை. புகைக்குழாயின் மூட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை லீன் என்று காட்டும். இன்னும் மோசமானது மிஸ்ஃபயர். கலவை அளவுக்கு மீறி ரிச்சாகி, ஒரு சிலிண்டர் பற்றாமலேயே போனால், எரியாத ஆக்சிஜன் முழுவதும் புகையில் வந்து சேரும். சென்சர் ‘லீன்’ என்று அலறும். புதிதாகக் கற்பவர் இன்னும் பெட்ரோல் கூட்டுவார். இன்னும் பற்றாது. இன்னும் லீன் என்று காட்டும். வட்டம் முடியாது.

சென்சர் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். டர்போவுக்கு முன்னால் மாட்டினால், அங்கே தேங்கும் அழுத்தம் அளவைத் திரிக்கும். எனவே டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பில் தனியாக ஒரு நட்டு வெல்டிங் வைத்து மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் புகை அங்கே வந்து சேரத் தாமதமாகும். லாக்கில் 4,000 சுற்றுக்கு எதிரே பதிவான லாம்ப்டா உண்மையில் சற்று முன்னால் நடந்த எரிதலுடையது. வரிகளை நகர்த்திப் பொருத்தாமல் திருத்தினால், குற்றவாளி ஒருவர் இருக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்டனை.

பூஸ்ட் லீக் என்பது வேறு ரகம். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் குழாய் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏர்ஃப்ளோ சென்சர் அளந்து கணக்கில் எழுதிய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே தப்பிவிடும். கணினி முழுக் காற்றுக்குமாகப் பெட்ரோல் தெளிக்கும். வண்டி ரிச்சாக ஓடும், கரும்புகை விடும், இழுவை குறையும். இதைப் பார்த்துவிட்டு அட்டவணையில் பெட்ரோலைக் குறைத்தவர், பின்னொரு நாள் வேறொருவர் கிளாம்பை முறுக்கிச் சரிசெய்ததும், லீனாகிப்போன எஞ்சினைக் கையில் வைத்திருப்பார். பாதி டியூனிங் ஸ்பேனர் வேலை என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். லாக்கை எடுப்பதற்கு முன் குழாய்களில் காற்றடித்து ஓட்டை பார்ப்பவர் நல்ல டியூனர்.

நாக் சென்சர் கட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது. அது எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மைக். குறிப்பிட்ட அதிர்வைக் கேட்டால் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். புகைக்குழாயின் மேல் இருக்கும் தகடு தளர்ந்து ஆடினாலும் அதற்கு நாக் போலவே கேட்கக்கூடும். ஆனால் இங்கே சந்தேகத்தின் பலன் எஞ்சினுக்குத்தான். ஒரே சுற்றில், ஒரே அழுத்தத்தில், ஓட்டத்துக்கு ஓட்டம் நாக் பதிவானால் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டு அழுத்தத்தையோ டைமிங்கையோ குறைப்பதுதான் வழக்கம். தகட்டைப் பிறகு முறுக்கிக்கொள்ளலாம்.

முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டம் கவர்ச்சியானது என்றாலும், வண்டியின் ஆயுளில் பெரும்பங்கு மிதமான வேகத்தில்தான் கழிகிறது. அங்கே கணினியே சென்சரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எத்தனை சதவீதம் திருத்தினேன் என்பதையும் குறித்துவைக்கும். இதற்கு ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். ட்ரிம் 5 சதவீதத்துக்குள் ஆடினால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் எங்கோ ஓட்டையோ அழுக்கோ இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி-2 சாக்கெட் இன்று இந்தியக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதில் செருகும் ப்ளூடூத் டாங்கிள் மலிவாகவே கிடைக்கிறது. முழு அழுத்த டியூனிங்குக்கு அதன் வேகம் போதாது. ட்ரிம் பார்க்கத் தாராளமாகப் போதும். டியூனிங்கே வேண்டாம் என்பவருக்கும் இந்த ஒரு கட்டம் பயன்படும்.

இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோல் இந்தக் கணக்கில் ஒரு புதுத் திருப்பம். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். சரியான விகிதம் 9:1. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5:1. ஆக, அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் அதிக எரிபொருள் தெளிக்க வேண்டும். மிதமான ஓட்டத்தில் ட்ரிம் இதைப் பார்த்துக்கொள்ளும். பழைய பெட்ரோலுக்கென்று கையால் டியூன் செய்த டர்போ வண்டியில் முழு அழுத்தத்தில் என்ன ஆகிறது என்பதை லாக் எடுத்தால்தான் தெரியும். மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வைட்பேண்ட் அளப்பது லாம்ப்டாவை. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இ20 ஊற்றிய வண்டியில் மீட்டர் 14.7 என்றால் உள்ளே உண்மையில் நடப்பது 13.5. தெரியாதவர் குழம்புவார். லாம்ப்டாவாகவே படித்துப் பழகியவருக்கு எந்த எரிபொருள் ஊற்றினாலும் 1 என்பது 1-தான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கணினியைத் திருத்திய வண்டிக்கு வாரன்ட்டி கேட்டால் நிறுவனங்கள் கைவிரிக்கும். முழு அழுத்த ஓட்டத்துக்கு இடம் டைனோ எனப்படும் உருளை மேடை, அல்லது இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருப்பது போன்ற பந்தயத் தடம். பைபாஸ் சாலை அல்ல.

பெட்ரோலைக் குளிரூட்டியாகச் செலவழிக்க முடியாத நிலை வந்தால் என்ன செய்வது? அதற்குப் பந்தய உலகத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1988 ஃபார்முலா ஒன்னில் டர்போ கார்களுக்கு அழுத்தம் 2.5 பார், ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் எரிபொருள் என்று கட்டு போட்டார்கள். நடுவில் நிரப்பவும் அனுமதி இல்லை. மெக்லாரன் காரில் இருந்த ஹோண்டாவின் 1.5 லிட்டர் வி6 எஞ்சின், நாக் எளிதில் வராத டொலுயீன் 84 சதவீதம் கலந்த எரிபொருளில் ஓடியது. அது லேசில் ஆவியாகாது என்பதால் எஞ்சினுக்குப் போகுமுன் சூடுபடுத்தினார்கள். செலவைத் தொலைத்தகவல் வழியே கராஜிலிருந்தே கண்காணித்தார்கள். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் வென்றது.

சாலைக் கார்களுக்கு அதே நெருக்கடி இப்போது வேறு வாசல் வழியாக வருகிறது. ரிச்சாக ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை அள்ளி விடும். கன்வெர்ட்டரால் அதை எரிக்க முடியாது, எரிக்க ஆக்சிஜன் மிச்சம் இருக்காது. ஐரோப்பிய விதிகள் நிஜச் சாலையில் வைத்தே புகையை அளக்கத் தொடங்கிய பிறகு, முழு அழுத்தத்திலும் லாம்ப்டா 1-ஐ விட்டு நகராத டர்போ எஞ்சின்களை நிறுவனங்கள் உருவாக்கி வருகின்றன. புகைக்குழாயின் தொடக்கப் பகுதியையே சிலிண்டர் ஹெட்டுக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கிறார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறார்கள். இப்படிப்பட்ட எஞ்சினை லாக் செய்தால், 2,500 சுற்றிலிருந்து சிவப்புக் கோடு வரை லாம்ப்டா கட்டம் ஒரே நேர்கோடாக ஓடும். டியூனர் அங்கே பார்க்கும் முதல் கட்டம் புகையின் வெப்பம், அடுத்தது ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்கு இழுக்கப்பட்டது என்பது.